கழிவு போடாத கிராணி

1983இல் மலேசியாவின் கேமரன் மலையில், எங்கள் தேயிலை எஸ்டேட்டில் இருந்தது ஒரே ஒரு வீடியோ டெக். அது எடைக்கணக்கு எழுதும் கிராணி வீட்டில், அதாவது எங்கள் வீட்டில். ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா போய் அப்பா எம்.ஜி.ஆர். படம் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தார். உறையில் எம்.ஜி.ஆர். இருந்தார். உள்ளே ‘ஸ்டார் ட்ரெக்’.

லயத்து ஜனம் நாற்பது பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாகிவிட்டது. நாடாவை மாற்ற மறுநாள்தான் பஸ். ஓடுறது ஓடட்டும் என்றார்கள்.

விண்கப்பலின் கேப்டன் கிர்க் ஒரு மேடையில் ஏறி நின்று மினுமினுத்து மறைந்தார். கங்காணி வீட்டு ஆயா கேட்டார்: “அந்தப் பட்டு யாவாரி வெள்ளைக்காரரும் இப்படித்தான் போனாரா?”

யாரும் சிரிக்கவில்லை. தாய்லாந்துப் பட்டை உலகத்துக்கு விற்ற ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறன்று தானா ராத்தாவின் மூன்லைட் பங்களாவிலிருந்து வெளியே நடந்தவர்தான். போலீஸ், ஒராங் அஸ்லி பழங்குடியினர், மந்திரவாதிகள் என நூற்றுக்கணக்கானோர் காட்டைச் சலித்தும் ஆள் கிடைக்கவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பகுதி அமெரிக்காவில் ஒளிபரப்பானதும் அதே 1967இல், டிசம்பர் 29. ஆயாவின் ஆராய்ச்சியில் இன்றுவரை என்னால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

கதை எங்களுக்குப் புரிகிற கதைதான். ட்ரிபிள் என்றொரு மயிர்ப்பந்து. முகமில்லை, காலில்லை, தடவினால் பூனைபோல் குர்ர்ர் என்னும். தின்னும், குட்டி போடும், வேறு வேலை கிடையாது. அது விண்வெளி நிலையத்தின் தானியக் கிடங்கில் புகுந்துவிடுகிறது. கிர்க் மேலே இருந்த கதவைத் திறக்க, பொலபொலவென்று தலையில் கொட்டுகிறது.

டப். மணி பத்து, எஸ்டேட் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த மனிதர் என் மனசில் கழுத்தளவு ட்ரிபிளில் நின்றுகொண்டிருந்தார்.

போன பள்ளி விடுமுறையில் அப்பாவைப் பார்க்க மலையேறினோம். என் மகள் மடிக்கணினியில் அதே பகுதியைப் போட்டாள். சின்ன வயசில் மிரட்டிய மயிர்ப்பந்துகள் இப்போது பஞ்சடைத்த துணியாகத் தெரிந்தன. படப்பிடிப்புக்குச் சுமார் 500 தைத்தார்களாம். உள்ளே ஒளிந்திருந்த ஆட்களுக்குப் போதும் என்று தெரியாததால், கிர்க் வசனம் பேசப் பேசத் தலையில் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருக்கிறது.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அப்போது கிர்க்கின் சகா ஸ்போக், கிடங்கில் இருப்பவை 17,71,561 என்றார். ஒரு ட்ரிபிள், ஈடுக்குப் பத்துக் குட்டி, பன்னிரண்டு மணிக்கு ஒரு ஈடு, மூன்று நாள்.

“நிறுத்துமா” என்றார் அப்பா.

முப்பது வருஷம் கொழுந்து நிறுத்தவர். கூடைக்கு இவ்வளவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் சீட்டில் எடை ஏறும். அந்தக் கழிவுக்காக அவர் வாங்கிய வசவுகளைத் தனியாக நிறுத்தால் ஒரு லாரி தேறும். மேசையிலிருந்த கரண்ட் பில் உறையைத் திருப்பிப்போட்டுப் பென்சிலால் எழுதினார். 11. 121. 1,331. 14,641. 1,61,051. ஒவ்வொன்றின் கீழும் கோடு. ஆறாவது வரி: 17,71,561.

“பெருக்கல் சரி. ஆளு கிராணிதான்.”

அந்தக் கூர்மையான காதுக்காரரை அப்பா அதற்குமுன் யாரிடமும் காட்டாத மரியாதையோடு பார்த்தார். மகள் மறுபடி ஓடவிட்டாள். தின்ற தானியத்தையும் கிடங்கின் கொள்ளளவையும் கணக்கில் சேர்த்தாயிற்று என்றார் ஸ்போக்.

“நிறுத்து! சேர்த்தா தொகை கொறையணுமே? பதினொன்ன ஆறு தடவை பெருக்கினது அப்படியே நிக்குது. கழிவு எங்க?”

அதோடு விடவில்லை. அந்தத் தானியத்தில் விஷம். குவியலில் ஏராளமானவை செத்துக் கிடக்கின்றன. “செத்தது எப்படி அடுத்த ஈடு போடும்?” என்றார். எழுபத்தொன்பது பகுதிகள் ஓடிய தொடர். எத்தனையோ பேர் தலைகீழ்ப் பாடமாக வைத்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியை ரிங்லெட்டில்தான் கேட்டேன்.

கடைசியில் கப்பலின் எஞ்சினியர் எல்லா ட்ரிபிளையும் சத்தமில்லாமல் எதிரிக் கப்பலுக்கு அனுப்பிவிடுகிறார். நான் நாற்பது வருஷம் காத்திருந்த முடிவு. அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அடுத்த டிவிசன்ல தள்ளிவிட்டுட்டான். நம்ம ஆளுங்களும் அதத்தான் செய்வானுங்க.”

உறை இப்போது ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது, ‘கழிவு?’ என்று சிவப்பு மையில் சுழித்து. உள்ளே இருந்த பில்லை இன்னும் யாரும் கட்டவில்லை.