ரோசாவுக்குப் பசிக்கலையாம்

ஏலேய், மொதல்ல மூக்கைச் சிந்து. அமெரிக்காவுல இருந்து நட்டநடு ராத்திரியில போன் அடிச்சு, "எட்டுக்கால் பூச்சி திங்க மாட்டேங்கு தாத்தா"ங்க. உங்கப்பன் கோவிச்சுக்கிட்டு மூணு நாளு பட்டினி கெடந்தான். ஒரு நாயி கேக்கலடே.

என்ன சாதி? சிலி நாட்டு ரோஸ் டரான்டுலாவா? உடம்பெல்லாம் முடி, பேரு மட்டும் ரோசா. சரி, வந்து எத்தனை நாளாச்சு? நாலா? நாலு நாளைக்கா இந்தக் கூப்பாடு?

சந்தையில புடிச்சாந்த மாடு மொத ரெண்டு நாளு வைக்கலை மோந்துகூடப் பாக்காது. இது டப்பாவுல குலுங்கிக் குலுங்கி வந்துருக்கு. கண்ணு எட்டு இருந்தும் பார்வை மட்டு. கால் முடியில படுத அதிர்வை வச்சுத்தான் ஊரை அளக்கும். நீ மணிக்கொருக்கா டார்ச் அடிச்சு, மூடியத் தட்டி, சுவர்க்கோழியை இடுக்கியில புடிச்சு அது மூஞ்சியில ஆட்டுத. பூமி ஆடுதுன்னு பொந்துக்குள்ள போவாம உன்கூட சீட்டு வெளாடவா வரும்? வாசலை மண்ணும் நூலுமா அடைச்சுட்டுன்னு வேற அழுவுத. கதவைச் சாத்துனா என்னலே அர்த்தம்?

மெத்தை போட்டேன்னியே, தேங்காநார்த் தூளு! நம்மூரு கயித்துக் கம்பெனி வாசல்ல மழையில ஊறிக் கெடக்குமே, அதேதாம்டே. செங்கல்லா அமுக்கிக் கப்பலேத்தி உனக்கு வித்துருக்கான்.

வயித்தைப் பாரு. உருண்டையா இருக்கா? அப்பம் பசியில்ல. வத்திச் சுருங்குனாத்தான் கவலை. இந்த ரோசா மாசக்கணக்குல வெரதம் இருப்பா. சஷ்டிக்கு ஆறு நாளு இருந்துட்டு ஊரைக் கூட்டுதாளே உங்க ஆச்சி, அவளை மாதிரி இல்ல. போட்ட பூச்சியை மறுநா வரைக்கும் தொடலன்னா எடுத்துரு.

வயிறு கறுத்து மினுங்குனா, பாம்பு மாதிரி சட்டை உரிக்கப் போவுதுன்னு அர்த்தம். மல்லாக்கப் படுத்துத்தான் உரிக்கும். காலைத் தூக்கிக் கெடக்கேன்னு ஒப்பாரி வச்சு குழி வெட்டிராத, திருப்பியும் போடாத. செத்ததுன்னா காலை வயித்துக்கடியில சுருட்டிக்கிடும். சட்டை உரிக்குத நேரம் உள்ள சுவர்க்கோழி கெடந்தா போச்சு. இரையா வந்தவன் எசமானியவே கொறிச்சுருவான். உரிச்ச பெறவு பல்லுகூட வெள்ளையா, மெத்துன்னு இருக்கும். அது கறுக்கட்டும். ஒரு வாரம் பத்து நாளு பொறுத்தா என்ன, கொள்ளையா போவுது?

தூக்கிக் கொஞ்சணுமோ? வயித்து முடியைப் பின்னங்காலால உதறுனா பூனைக்காலிக் காய் பட்ட மாதிரி அரிச்சுத் தீரும். கை நழுவி வுழுந்தா அதுக்கு வயிறே வெடிச்சுரும். பொட்டைன்னா இருவது வருசம்கூட இருப்பா. உன் கல்யாணத்தைப் பாத்துட்டுத்தாம்டே போவா, அவசரம் என்ன?

தண்ணிக் கிண்ணத்தை ரொப்பி வச்சுட்டு லைட்டை அமத்து. ராத்திரி அவ மெதுவா வெளிய வந்து, போர்வைக்குள்ள ஒளிஞ்சு கெடக்குத இந்தப் பயலு சாப்பிட்டானா இல்லையான்னு பாத்துட்டுப் போவா.