கோட்டைப் புல்வெளியில் செருப்புக் காவல்: ஒரு முன்னாய்வு

வேலூர்க் கோட்டையைப் பற்றி எழுதியவர்கள் அகழியை அளந்தார்கள், மதிலை அளந்தார்கள், பரப்பு 133 ஏக்கர் என்றும் குறித்துவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே வரும் குடும்பம் கழற்றிப்போடும் செருப்பை யார் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அறிஞர்கள் தனியாக வந்து போகிறவர்கள் போலிருக்கிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு குடும்பம், என்னுடையதுதான். ஆள் ஏழு, செருப்பு ஏழு ஜோடி, பிரியாணித் தூக்கு ஒன்று, கத்திரிக்காய்க்குத் தனி டப்பா. ஏழு பேரில் மூன்று பேருக்கு ஷூ கம்பெனியில் வேலை. அக்கா தைக்கும் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, ஜெர்மனிக்குப் போகிறது; அக்காவின் காலில் ரப்பர் செருப்பு. காரணம் கேட்டேன். “வாரம் பூரா தோலையே பாத்துக்கினு கீறேன். ஞாயித்துக்கெழமையுமா?” என்றாள். இதற்கு மேல் அந்தக் கேள்வியை ஆராய இடமில்லை.

இந்தக் கோட்டையில் தோல் விவகாரத்தை இலேசாக நினைக்கக் கூடாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படைச் சிப்பாய்கள் தாடியைத் திருத்த வேண்டும், நெற்றியில் குறி கூடாது, புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தத் தலைப்பாகையில் தோலால் ஆன ஒரு சின்னம். 1806 ஜூலை 10 விடிவதற்குள் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்து நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்று அடக்கினார். பிறகு அந்தத் தலைப்பாகையைக் கம்பெனியே கைவிட்டது. தலைக்கு ஏறிய ஒரு துண்டுத் தோலுக்கே வரலாற்றில் இவ்வளவு இடம் என்றால், காலுக்குரிய பதினான்குக்கு ஓர் ஆள் காவல் இருப்பது அதிகமில்லை.

இந்தக் காவல் பதவி எப்போது உண்டானது? கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை. 1981இல்தான் லிங்கம் திரும்பி வந்தது. சாமி இல்லாத கோயிலில் செருப்பைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்? ஆகவே செருப்புக் காவலின் வயதும் அதுதான் என்பது என் துணிபு. மறுப்பவர்கள் சான்றோடு வரலாம்.

பதவிக்கு ஆள் எடுப்பதில் தேர்தல் கிடையாது. எங்கள் வீட்டில் அது அத்தைதான். புல்வெளியில் போர்வை விரித்ததுமே, “நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன்” என்பார். யாரும் ஒரு முறைக்கு மேல் வற்புறுத்துவதில்லை. அந்த ஒரு முறையும் மரியாதைக்கு. அவருடைய முறை நுட்பமானது. ஒவ்வொரு ஜோடியிலும் வலதுகாலை மட்டும் கட்டைப்பைக்குள் போடுவார். இடதுகால் ஏழும் போர்வை ஓரத்தில் வரிசையாக நிற்கும். ஒற்றைச் செருப்பைத் திருடுகிறவன் இன்னும் பிறக்கவில்லை என்பது அவர் கொள்கை. பையின் கைப்பிடி கால் கட்டைவிரலில் மாட்டியிருக்கும். தூங்கினாலும் இழுத்தால் தெரிந்துவிடும்.

இதற்கு அத்தை கொடுத்த விலை கோயிலுக்குள் இருக்கும் கல்யாண மண்டபம். யாளியும் குதிரைவீரனும் பாயும் தூண்கள், தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள் கொண்ட கூரை. மண்டபத்தை அப்படியே பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோகக் கம்பெனிக்காரர்கள் திட்டமிட்டார்கள், ஏற்றிப்போக வந்த கப்பல் மூழ்கியதால் பிழைத்தது என்று ஒரு கதை உண்டு. கடல் தாண்டி வந்தவன் ஆசைப்பட்ட மண்டபத்தை, கூப்பிடு தூரத்தில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கும் அத்தை பார்த்ததில்லை. பிள்ளைகள் திரும்பி வந்து கிளிகளை எண்ணிச் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு கணக்கு. அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

போன மாதம் ஆய்வின் பொருட்டுக் காவலை நான் ஏற்று, அத்தையை உள்ளே அனுப்பினேன். கல் சுடுகிறது என்று சொல்லிப் பார்த்தார், விடவில்லை. அரைமணி நேரம் கழித்து முகமெல்லாம் வெயிலாக வந்தார்.

“கிளியெல்லாம் நல்லாத்தாம்பா கீது. என் செருப்பு எங்க?”

ஆறு ஜோடி இருந்தது. நான் அப்போது இந்தக் கட்டுரையின் முதல் பத்தியை எழுதிக்கொண்டிருந்தேன். வலதுகாலைப் பைக்குள் போடும் முறை குறிப்பேட்டில் தெளிவாக இருந்தது, செய்யத்தான் மறந்துபோயிருந்தேன்.

கோட்டைக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காவலுக்கு யாரை வேண்டுமானாலும் வையுங்கள். கையில் பேனா வைத்திருப்பவனை வைக்காதீர்கள்.