கப்பல் ஒட்டிய தமிழன்: மலையடிவார மரக்கலவியல் குறித்து ஓர் ஆய்வு

கப்பலோட்டிய தமிழரைப் பற்றி நூல்கள் உண்டு. 1961இல் வந்த திரைப்படமும் உண்டு. கப்பல் ஒட்டிய தமிழரைப் பற்றி இதுகாறும் யாரும் வாய் திறக்கவில்லை. பெட்டியில் வரும் மரத்துண்டுகளைப் பசையால் ஒட்டி, பாய்மரம் நட்டு, நூலால் கயிறு கட்டி, கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் இவ்வினத்தாருள் ஒருவர் திருவண்ணாமலை ரமணாசிரமத்தை அடுத்த தெருவில், என் எதிர்வீட்டு மாடியில் வசிக்கிறார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். ஆய்வின் எல்லை வடக்கே மலை, தெற்கே என் மொட்டைமாடி. ஒருவரை வைத்து ஓரினத்தையே கூறலாமோ எனின், கூறலாம். இதைவிடச் சிறிய சான்றுக்கெல்லாம் முனைவர் பட்டம் கிடைத்திருக்கிறது.

முதலில் மறுப்போர் கூற்று. ‘பஞ்சபூதத் தலங்களுள் நீருக்குரியது திருவானைக்கா. நெருப்புக்குரிய அண்ணாமலையில் கப்பலுக்கு என்ன வேலை? கடல் வேண்டுமாயின் கிழக்கே நூறு கிலோமீட்டர் போனால் புதுச்சேரி’ என்பர். அற்றன்று. என்னை? இவ்வகைக் கப்பலுக்கு ஆகாத பொருள் உலகில் ஒன்று உண்டென்றால் அது தண்ணீர்தான். தச்சர் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை ஈரத்தில் ஊறினால் பிடி விட்டுவிடும், பலகை உப்பும், நூல் தொய்யும். ஆகவே கடலை விட்டு விலகுந்தோறும் கப்பலுக்கு ஆயுள் கூடும் என்பது பெற்றாம். சித்திரை வெயிலில் அண்ணாமலையின் அடிவாரம் தரும் உலர்ச்சியைப் புதுச்சேரி தர இயலாது.

இரண்டாவது சான்று இன்னும் வலியது. 2,668 அடி உயர மலையுச்சியில் தாமிரக் கொப்பரையில் நெய் வார்த்து, கார்த்திகைதோறும் தீபம் ஏற்றுகிறார்கள். பதினொரு நாள் எரிகிறது. சுற்றுவட்டாரம் முழுதும் தெரியும் இவ்விளக்கைக் கலங்கரை விளக்கம் அல்ல என்று சொல்ல எவருக்கும் ஆதாரம் கிடையாது. விளக்கு இருந்தது, கலம்தான் இல்லை. தீபத்துக்கு அடுத்த நாள்களில் அய்யங்குளத்தில் நடக்கும் தெப்பல் உற்சவத்தைக் காட்டி ‘இருக்கிறதே’ எனலாம். தெப்பம் ஆண்டுதோறும் பூட்டிக் கழற்றப்படுவது, பேழை ஏறாதது. எனவே அது வேறு துறை.

மலைத்தலத்துக்கும் மரக்கலத்துக்கும் உறவே இல்லை என்பாருக்கு ஒரு செய்தி. கோணேசர் வீற்றிருக்கும் திருகோணமலையின் பெயரை ஆங்கிலேயர் ஒரு போர்க்கப்பலுக்கு இட்டனர். ‘டிரிங்கோமலி’ என்னும் அக்கப்பல் பம்பாயில், நம் நாட்டுத் தேக்கில், 1817இல் கட்டி வெள்ளோட்டம் விடப்பட்டது. இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அண்ணாமலைக்கு இன்னும் ஒரு கப்பல் வரவேண்டியிருக்கிறது.

இனிச் செய்முறை. பெட்டியைத் திறந்ததும் வருவது ஏரா, அதாவது கப்பலின் அடிமுதுகு. அதன் குறுக்கே வங்குகள், விலா எலும்புகளாக நிற்கும். அவற்றின் மேல் விரற்கடைக்கும் குறைந்த அகலமுள்ள மெல்லிய சட்டங்களை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். இங்கேதான் ஆள் தேறுவதும் ஓடுவதும். சட்டத்தைக் குளியலறை வாளியில் ஊறப்போட்டு, அணியத்தின் வளைவுக்கு மெள்ள மெள்ள வளைத்து, குண்டூசி குத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவசரப்பட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அது எந்த மொழியிலும் கெட்ட வார்த்தையே. கலத்தின் நடுவயிறு பெருத்து, முனை சிறுத்திருப்பதால் சட்டத்தின் முனையையும் சீவி ஒடுக்க வேண்டும். ஒடுக்காதவர் கப்பலில் பலகைமேல் பலகை ஏறும். இடப்புறம் ஒன்று ஒட்டினால் அடுத்தது வலப்புறம். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் ஏரா முறுக்கிக்கொள்ளும். இறைவன் அர்த்தநாரீசுவரராக வெளிவந்து காட்சி தரும் ஊரில் இவ்விதி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்பணியின்போது குண்டூசிகளை உதட்டில் கவ்வியிருப்பதால் மௌனம் தானே சித்திக்கிறது. விசாரணையும் உண்டு. அடிவாரத்தின் தலையாய கேள்வி ‘நான் யார்?’, 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்டு, பகவான் ரமணர் விடையளித்தது. எதிர்வீட்டுக்காரரின் கேள்வி, ‘சார், இது எந்தத் துண்டு?’ வரைபடம் இத்தாலிய மொழியில் இருப்பதால் இரண்டாவதற்கு விடை கிடைப்பது அரிது. பகவானும் கைவேலை அறிந்தவர்தாம். கொட்டாங்கச்சியைத் தேய்த்துக் கிண்ணம் ஆக்கியிருக்கிறார்; முட்கிளையைச் செதுக்கி, சொரசொரப்பான இலையால் மெருகேற்றிக் கைத்தடி செய்து, ஆடு மேய்க்கும் பையனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். 1896 செப்டம்பர் 1 அன்று ஊருக்கு வந்தபோது கையிலிருந்த பலகாரப் பொட்டலத்தையே அய்யங்குளத்தில் எறிந்தவர். எதிர்வீட்டுக்காரர் ஒரு சிராயைக்கூட எறியார். ‘எதுக்காவது ஆகும் சார்’ என்பார். வைராக்கியத்தில் மட்டும் இத்துறை பின்தங்கியிருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

காலதாமதம் குறித்துக் குடும்பத்தார் எழுப்பும் குற்றச்சாட்டுக்கு வரலாறே விடை சொல்கிறது. இன்று அவர் கட்டுவது நெல்சனின் ‘விக்டரி’. அசல் கப்பலுக்கு 1759இல் ஏரா போட்டார்கள்; 1765இல் நீரில் இறக்கினார்கள்; பிறகு போர்ப்பணிக்குச் சேர்த்தது 1778இல். இடைப்பட்ட 13 ஆண்டுகள் சும்மா கிடந்தது. அரசன் கப்பலே அவ்வளவு காலம் கிடக்கலாமெனில், மின்வாரிய ஊழியரின் கப்பல் பரணில் சில ஆண்டுகள் கிடந்தது குற்றமாகாது. அவர் மனைவியார் இவ்வாதத்தை ஏற்கவில்லை. ‘அவங்க வீட்ல தண்ணி லாரி வந்தா யார் பிடிச்சாங்க?’ என்று கேட்டார். வரலாற்றாசிரியர்கள் இதை ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

எஞ்சியிருப்பது குரங்கு. அசல் விக்டரியைப் பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் சேர்ந்து டிரஃபால்கரில் 1805இல் தாக்கியும் மூழ்கடிக்க முடியவில்லை. இங்கோ ஆசிரமப் பக்கத்துக் குரங்கு ஒன்று திறந்த ஜன்னல் வழியாக வந்து, நடுப் பாய்மரத்தைக் கயிறு, பருமல் சகிதம் பிடுங்கிக்கொண்டு வேப்பமரத்தில் ஏறிவிட்டது. தின்னத் தகாது எனக் கண்டதும் கீழே போட்டது. விழுந்த இடம் சாக்கடை. முடிச்சு முடிச்சாக மாதக்கணக்கில் கட்டிய ஏணிக்கயிறுகள் அத்துடன் முடிந்தன. வாழைப்பழம் வைத்து அதைத் திசைதிருப்பலாம் என்ற கருதுகோளைச் சோதித்ததில், மறுநாள் நான்கு குரங்குகள் வந்தன.

ஆதலால் இப்பகுதியில் வாடகைக்கு வீடு பார்க்கும் கப்பல் கட்டுவோர், மலை தெரிகிறதா என்று கேட்பதற்கு முன் ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளவும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு வீட்டுக்காரர் அடித்துத்தர மாட்டார்.