எடிசன் வீட்டுக்காரர்

வீட்டுக்காரருக்கு நாவலூரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று இருக்கிறது. அவர் குடியிருப்பதோ நியூ ஜெர்சியின் எடிசனில். இரண்டுக்கும் நடுவே இரண்டு அரசாங்கங்களும் ஒரு மாமனாரும். அரசாங்கங்களைக் கண்டு பயப்படுவார், மாமனாரைப் பயமுறுத்துவார்.

"ரிட்டயர் ஆனதும் ஊருக்கே வந்துடுவோம்" என்று சொல்லி வாங்கிய வீடு அது. வருகை தள்ளிக்கொண்டே போனதில் வாடகைக்கு விட்டார். மாதம் 40,000 ரூபாய். எடிசனில் தம் வீட்டுக்குக் கட்டுகிற சொத்து வரியின் மாதப் பங்குக்கே அது காணாது. அங்கே கேட்ட தொகையை மறுபேச்சில்லாமல் கட்டிவிடுவார். நாவலூர் ரூபாய் என்றால் மட்டும் தனிப் பாசம், தனிச் சந்தேகம். சம்பாதிப்பது டாலரில், கோபப்படுவது ரூபாயில்.

சென்னையில் இரவு ஒன்பதரை ஆனால் எடிசனில் மதிய உணவு இடைவேளை. மாமனாரின் போன் அடிக்கும்.

"மாமா, வாடகை வந்துதா?"

"வந்துடுச்சு மாப்பிள்ளை. ஆனா இருபத்தேழாயிரத்து ஐநூத்தி இருபதுதான் வந்திருக்கு."

"மீதி?"

"டிடிஎஸ் பிடிச்சிட்டேன்னு புதுப் பையன் சொல்றான்."

அன்று எடிசனில் ஒருவர் சாப்பிடவில்லை.

அந்தப் பையன் சிறுசேரியில் வேலை பார்ப்பவன். ஒப்பந்தத்தில் வீட்டுக்காரரின் முகவரியைப் படித்துப் பார்த்ததுதான் அவன் செய்த ஒரே குற்றம். வீட்டுக்காரர் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால், வாடகை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் அவன் வரி பிடிக்க வேண்டும். அதுவும் 2 சதவீதம். வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்த வரம்பெல்லாம் கிடையாது. 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அதற்காகவே டான் எண் வாங்க வேண்டும். மாதம் 12,480 ரூபாய். முன்பு இருந்த குடித்தனக்காரர் முழு வாடகையையும் அனுப்பினார். அவரை இவர் "தங்கமான மனுஷன்" என்பார். சட்டம் தெரியாதவர் என்பதுதான் அதற்குப் பொருள்.

"ஊர்ல எவன் பிடிக்கிறான்?" என்று வாட்ஸ்அப்பில் சீறினார்.

"பிடிக்கலேன்னா என்கிட்டதான் சார் வசூல் பண்ணுவாங்க" என்று பதில் வந்தது. இரண்டு நீல டிக்குகள். அதன்பின் மௌனம்.

மௌன காலத்தில்தான் அவருக்கு யோசனைகள் உதிக்கும். முதல் யோசனை: "மாமா, அக்ரிமென்ட்டை உங்க பேர்ல மாத்திக்கலாம். வாடகை உங்க கணக்குல விழட்டும். நீங்க சீனியர் சிட்டிசன்."

மாமனார் மின்வாரியத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். "மாப்பிள்ளை, பத்திரம் உங்க பேர்ல இருக்கு. வாடகை எந்தக் கணக்குல விழுந்தாலும் வருமானம் உங்களுதுதான். அந்தப் பையன் ஹெச்ஆர்ஏ கேட்டா, ஆபீஸ்ல வீட்டுக்காரர் பான் நம்பர் கேப்பாங்க. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுதே. யாரோட பான் குடுக்குறது?"

இரண்டாவது யோசனை அமெரிக்கா சம்பந்தப்பட்டது. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் 10,000 டாலருக்கு மேல் இருந்தால் அங்கே தகவல் அறிக்கை தர வேண்டும். எனவே மூன்று வங்கிகளில் மூன்று கணக்குகள். ஒவ்வொன்றிலும் நாலாயிரம் டாலர். தம் சாமர்த்தியத்தை வார விருந்தில் சொல்லிக் காட்டினார். எல்லாக் கணக்கையும் கூட்டித்தான் பார்ப்பார்கள் என்று சாம்பார் வாளியோடு வந்த ஒருவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் மாமனாரே தி.நகர் ஆடிட்டரிடம் போனார். ஆடிட்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ஆண்டு வாடகை 4,80,000. கட்டிய சொத்து வரி 12,000 போக 4,68,000. அதில் 30 சதவீதம், அதாவது 1,40,400 ரூபாய், பராமரிப்புக்கென்று தானாகக் கழியும். ரசீது கேட்க மாட்டார்கள். மிச்சம் 3,27,600. வீட்டுக் கடனுக்குக் கட்டிய வட்டி 2,40,000. அதுவும் போனால் 87,600. இங்கே வேறு வருமானம் இல்லை. பழைய முறையோ புதிய முறையோ, அடிப்படை விலக்கு வரம்புக்கு வெகு கீழே. வரி பூஜ்யம். பிடித்த 1,49,760 ரூபாயும், கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வந்துவிடும். குறைவாகப் பிடிக்கச் சொல்லி வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்றிதழும் கேட்கலாம். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்கைக் காட்டச் சொல்வார்கள். இவர் ஒரு வருஷம்கூடத் தாக்கல் செய்ததில்லை.

செய்தி கேட்டு வீட்டுக்காரர் மகிழ்ந்திருக்க வேண்டும். முகம் வாடிவிட்டது. இனி விருந்தில் எதைச் சொல்லி அங்கலாய்ப்பது?

அமெரிக்கக் கணக்கு பாக்கி இருந்தது. அங்கே தானாகக் கழிகிற 30 சதவீதம் கிடையாது. வட்டியைக் கழிக்கலாம், நிலத்தின் விலை நீங்கலாகக் கட்டடத்தின் விலையை 30 ஆண்டுகளுக்குப் பிரித்துத் தேய்மானம் கழிக்கலாம், பழுதுபார்த்த செலவையும் கழிக்கலாம், ஆனால் ரசீது வேண்டும். நாவலூர் பிளம்பர் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் "ஃப்ளஷ் டேங்க் வாஷர், கூலி, 650" என்று எழுதிக் கொடுத்திருந்தார். முன்பக்கத்தில் ராகு காலம், எமகண்டம், மேல்நோக்கு நாள். வீட்டுக்காரர் இருபக்கமும் ஸ்கேன் செய்து நியூ ஜெர்சிக் கணக்காளருக்கு அனுப்பினார். நல்ல நேரம் பார்த்தா அனுப்பினீர்கள் என்று அந்தக் கணக்காளர் கேட்கவில்லை, அவர் குஜராத்தி.

இரு நாடுகளுக்கும் இடையே 1989-இல் கையெழுத்தான இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தைப் பற்றியும் அவர் விளக்கினார். இந்தியாவில் கட்டிய வரியை அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரரின் கண்ணில் ஒளி வந்தது. "இந்தியாவுல எனக்கு வரியே வரலை. அதைக் கழிச்சுக்கலாமா?"

இப்படிப்பட்டவரிடம் குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒப்பந்தம் போடும்போதே வீட்டுக்காரர் எந்த நாட்டில் வசிக்கிறார் என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். வெளிநாடு என்றால் வரியைப் பிடியுங்கள், கட்டுங்கள், சான்றிதழைக் கையில் கொடுங்கள். அவர் முறைப்பார், முறைக்கட்டும். அவர் பணம் ரீஃபண்டாக அவருக்குத் திரும்பிவிடும். நீங்கள் பிடிக்காமல் விட்டால், நோட்டீஸ் எடிசனுக்குப் போகாது, நாவலூருக்குத்தான் வரும்.