பேரு தெரியாம இருக்கறதுக்கும் ஒரு தெறமை வேணும் அப்புனு

குஸ்திக் கம்பெனி நடத்தற அப்புனு, சித்தே இப்படி வந்து கட்டல்ல உக்காரு. நீ பொறந்தது 2002 ஜூன் மாசம். அமெரிக்காவுல அலபாமாப் பக்கம் ஹன்ட்ஸ்வில்னு ஒரு ஊரு, அங்கதான் மொத ஆட்டம் போட்டே. ஜெஃப் ஜாரட்டும் அவங்கப்பன் ஜெர்ரி ஜாரட்டும் சேந்து உனக்கு டிஎன்ஏன்னு பேரு வெச்சாங்க. இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கும் எங்கூரு டீக்கடையில டிவி குஸ்தின்னு வாயெடுத்தாப் போதும், "டபிள்யூடபிள்யூஎஃப்பா?"ன்னுதான் கேக்கறாங்க.

அதுல ஒரு வேடிக்கை பாரு. அந்தப் பேரே இப்ப அந்தப் பெரிய கம்பெனிக்குச் சொந்தமில்ல. அதே எழுத்துகளைப் பேரா வெச்சிருந்த, காட்டு மிருகங்களைக் காப்பாத்தற சங்கத்துக்காரங்க கோர்ட்டுக்குப் போயி, 2002 மே மாசத்துல அவன் டபிள்யூடபிள்யூஈன்னு மாத்திக்க வேண்டியதாப் போச்சு. பேரு போயும் அவனுக்குப் பேரு இருக்குது. பேரு இருந்தும் உனக்குப் பேரு இல்ல. அந்தச் சங்கத்தோட முத்திரை பாண்டாக் கரடி. அதே வருசம் உன்ற கம்பெனியில பெரும்பங்கு வாங்குனது பாண்டா எனர்ஜிங்கற கம்பெனி. ஒரு பாண்டா அவனைக் கோர்ட்டுக்கு இழுத்துச்சு, இன்னொரு பாண்டா உனக்குக் காசைக் கொட்டுச்சு. சாமி இதுக்கு மேல ஒருத்தனுக்கு என்னதான் பண்ணும், நீயே சொல்லு.

பேரெடுக்கறது எப்படின்னு ஊரே உனக்குப் புத்தி சொல்லும். நா அந்தச் சோலிக்கு வரல. பேரெடுக்காம இத்தனை வருசம் ஓட்டறது லேசுப்பட்ட காரியமா? அந்தத் தெறமையைத்தான் நா மெச்சறேன். புதுசாக் குஸ்திக் கம்பெனி ஆரம்பிக்கறவிய உன்னைப் பாத்துக் கத்துக்கட்டும்.

மொதல்ல, கடையை ஒரே எடத்துல வெக்கவே கூடாது. ஆரம்பத்துல ரெண்டு வருசம் வாராவாரம் பத்து டாலர் கட்டித்தான் உன்ற ஆட்டத்தைப் பாக்கோணும்னு வெச்சே. ஆருன்னே தெரியாதவனுக்கு மொத நாளே காசு கட்ட மனசு வருமா? பொறவு 2004-ல ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் நெட். 2005 அக்டோபர்ல ஸ்பைக் டிவி, சனிக்கெழமை ராத்திரி பதினோரு மணி. அப்புறம் வியாழக்கெழமை. 2010-ல திங்கக்கெழமை, ரெண்டே மாசத்துல மறுக்கா வியாழக்கெழமை. 2014 முடியறப்ப ஸ்பைக்குக்காரன் கும்புடு போட்டுட்டான். 2015-ல டெஸ்டினேஷன் அமெரிக்கா, 2016-ல பாப் டிவி. 2019 ஜனவரியில போய்ச் சேந்தியே பர்சூட்னு ஒரு சேனலு, அதை நெனச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு அடங்க மாட்டீங்குது. அது வேட்டைக்காரனுக்கும் தூண்டில்காரனுக்கும் நடத்தற சேனலு. மான் சுடறதைப் பாக்க உக்காந்தவன் நடுவுல ரெண்டு பேரு ஜட்டியோட உருளறதைப் பாத்துட்டுத் துப்பாக்கியைத் தேடியிருப்பான். அந்த அக்டோபர்லயே அங்கிருந்தும் மூட்டையைக் கட்டி ஏஎக்ஸ்எஸ் டிவிக்குப் போயிட்டே.

எங்க சந்தையில ஒரு பொரிகடலைக்காரரு உண்டு. கடலை ஒண்ணும் அபூர்வமில்ல, சில வாரம் நமுத்துக்கூடக் கெடக்கும். ஆனா வாராவாரம் அதே புளியமரத்தடி. கண்ணு தெரியாத கெழவிகூட நேரா அங்க வந்து மடியை விரிப்பா. உன்ற ரசிகன் கண்ணு நல்லாத் தெரிஞ்சும் ரிமோட்டைக் கையில வெச்சுக்கிட்டு அலைஞ்சான்.

கடையை மாத்துனாப் போதுமா? பலகையையும் மாத்தோணும். 2017-ல ஆன்தம்ங்கற கனடாக் கம்பெனி உன்னை வாங்குச்சு. டிஎன்ஏ போயி இம்பாக்ட் ஆச்சு. அதே வருசம் நடுவுல குளோபல் ஃபோர்ஸ்னு ஒரு பேரு. வருசம் முடியறதுக்குள்ள திரும்பியும் இம்பாக்ட். 2024 ஜனவரியில திரும்பியும் டிஎன்ஏ. கடன்காரனுக்குப் பயந்தவன்கூட இத்தனை தடவை பேரு மாத்த மாட்டான்.

அடுத்து, டிக்கெட்டு விக்கவே கூடாது. இது உன்ற தனி வித்தை. ஆர்லாண்டோவுல யூனிவர்சல் ஸ்டூடியோவுக்குள்ள ஒரு படப்பிடிப்புக் கொட்டகை. 2004-ல ஆரம்பிச்சுப் பல வருசம் அங்கதான் ஆட்டம். ராட்டினம் சுத்த வந்தவிய, காலு வலிச்சவிய, வெயிலுக்கு ஒதுங்குனவிய, எல்லாரையும் சும்மா உள்ள வுட்டே. கூட்டம் இருந்துச்சு, இல்லீங்கல. ஆனா டிவியில பாக்கறவனுக்கு, "நாமளும் காசு சேத்து வெச்சு ஒருக்கா நேர்ல போயிப் பாக்கோணும்"ங்கற ஏக்கம் எங்கிருந்து வரும்? வெளியூருக்கு வண்டி கட்டிப் போயித் தொடர்ந்து ஆட்டம் படம் புடிக்கலாம்னு உனக்குத் தோணுனது 2013-ல. அதே வருசக் கடைசியில மறுக்காக் கொட்டகைக்கே வந்துட்டே.

பிலடெல்பியாவுல ஈசிடபிள்யூன்னு உன்னையும் விடப் பொடிசா ஒரு கம்பெனி இருந்துச்சு. பிங்கோ ஆடற மண்டபத்துலதான் அவியளுக்கு ஆட்டம். ஆனா உள்ள வந்த சனம் காசு குடுத்து வந்த சனம். அடிதடியை விட அந்தக் கத்தலுக்கே டிவியில பாதிப் பேரு பாத்தான். 1997 ஏப்ரல்ல அந்த மண்டபத்துல இருந்தே நாடு பூராக் காசு கட்டிப் பாக்கற ஆட்டம் போட்டாங்க. ரிங்குல மேசை ஒடஞ்சா இன்னைக்கும் எந்த ஊரு அரங்கத்துலயும் அந்த மூணெழுத்தைக் கத்தறாங்க. கம்பெனி 2001-லயே திவாலாயிருச்சு. அதையும் சொல்லிப்போடறேன், பேரெடுத்தவனெல்லாம் பொழைச்சான்னு நா எங்க சொன்னேன்? பேரையும் பார்க்கோணும், பெட்டியையும் பார்க்கோணும்.

இப்ப ஹோகன் கதைக்கு வர்றேன். மூஞ்சியைத் திருப்பாதே. 2009 அக்டோபர்ல மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல பத்திரிகைக்காரங்களைக் கூட்டி வெச்சு, பழைய குஸ்தி நட்சத்திரம் ஹல்க் ஹோகன் நம்ம கம்பெனிக்கு வர்றாருன்னு அறிவிச்சே. அவருக்கு அப்ப அம்பத்தாறு வயசு. 2010 ஜனவரி 4, திங்கக்கெழமை, பெரிய கம்பெனியோட ராங்கற நிகழ்ச்சி நடக்கற அதே ராத்திரி நீயும் நேரலை போட்டே. சுமார் இருபத்திரெண்டு லட்சம் பேரு பாத்தாங்க. உன்ற சரித்திரத்துலயே பெரிய கூட்டம். ஆனா அதே ராத்திரி அந்தப் பக்கம் ஆரு வந்தாங்க? பிரெட் ஹார்ட். 1997-ல மான்ட்ரியல்ல அந்தப் பெரிய கம்பெனியே ஏமாத்தி அனுப்புன குஸ்திக்காரரு, பன்னெண்டு வருசம் கழிச்சு அதே வாசல்ல வந்து நின்னாரு. பழைய ஆளைக் காட்டிக் கூட்டம் சேக்கற ஆட்டத்துல, பழைய ஆளுக பத்தாயம் நெறைய இருக்கறவனோட நீ போட்டி போட்டே. மார்ச் 8-ல இருந்து வாராவாரம் திங்கக்கெழமை மோதுனே. மே மாசத்துக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு.

அது போச்சுன்னா போகட்டும். அந்த ஜனவரியில இன்னொண்ணு பண்ணியே, அதுக்குத்தான் எனக்கு வெசனம். 2004-ல இருந்து உன்ற ரிங்குக்கு ஆறு பக்கம். சேனலைத் திருப்பிட்டுப் போறவன்கூட ஒரு நொடியில, "அட, இது வேற ஆட்டமாட்ட இருக்குதே"ன்னு நிப்பான். பேரு படிக்கத் தெரியாத கொழந்தைக்கும் அடையாளம் தெரியும். விளம்பரக்காரனுக்குக் கோடி குடுத்தாலும் இப்படி ஒண்ணு கெடைக்குமா? ஹோகன் வந்தாரு, அதை எடுத்துப் போட்டு எல்லாரையுமாட்ட நாலு பக்கம் ஆக்குனே. உள்ள உக்காந்திருந்த சனமே ஆறு பக்கம் வேணும்னு கத்துச்சு. 2014-ல திரும்பி வெச்சே, 2018-ல மறுக்கா எடுத்தே. ஒத்தச் சொத்தையும் இப்படி எடுத்து எடுத்து வெக்கறதுக்கு என்ன பேரு சொல்றது?

ஊட்டுல வளந்த புள்ளை கதையும் அதேதான். ஏஜே ஸ்டைல்ஸ் உன்ற மொத நாள்ல இருந்து உன்ற கிட்ட. சமோவா ஜோ, கிறிஸ்டஃபர் டேனியல்ஸ், ஸ்டைல்ஸ் மூணு பேரும் 2005 செப்டம்பர்ல ஆடுன ஒரு ஆட்டத்தை இன்னைக்கும் வெவரந் தெரிஞ்சவிய சொல்லிச் சொல்லி மாயறாங்க. பதினோரு வருசம் வெச்சிருந்தே. ஸ்டைல்ஸ் கெளம்பிப் போயி 2016 ஜனவரியில பெரிய கம்பெனியில காலு வெச்சாரு, அந்த செப்டம்பர்ல அங்க உலகச் சாம்பியன். பயிரை நீ வெச்சே, பேரை அவன் அறுத்தான்.

வெளியாளைக் கூட்டியாந்தாக் குஸ்தி பாக்காதவனும் திரும்பிப் பாப்பான்னு ஆரோ உனக்குச் சொல்லியிருக்கோணும். மெய்யிதான். 2007-ல அமெரிக்கன் ஃபுட்பால் ஆடற பேக்மேன் ஜோன்ஸைக் கூட்டியாந்தே. அவரை லீக்குக்காரங்க ஆட்டத்துல இருந்து தள்ளி வெச்சிருந்த நேரம். அவரோட டீமு, எங்க ஆளு மேல அடி படக் கூடாதுன்னு கோர்ட்டுக்குப் போயிருச்சு. ஆக, குஸ்திக்கு வந்த மனுசன் ஆரையும் தொடக் கூடாது, அவரையும் ஆரும் தொடக் கூடாது. அப்படியும் ரான் கில்லிங்ஸ்ங்கற குஸ்திக்காரரோட ஜோடி சேத்து டேக் டீம் பெல்ட்டைக் குடுத்தே பாரு! ஊரு சிரிச்சுச்சு. அதை விளம்பரக் கணக்குல எழுதிக்கிட்டயா, செலவுக் கணக்குலயா?

வெளியாளுன்னா அமெரிக்காவுல மெம்பிஸ் ஊருக் குஸ்திக்காரங்க மாதிரி புடிக்கோணும். 1982. ஜெர்ரி லாலர் அங்க குஸ்தி ராசா. ஆனா மெம்பிஸைத் தாண்டுனா ராசாவை ஆருக்குத் தெரியும்? ஆன்டி காஃப்மன்னு டிவி நாடகத்துல பேரெடுத்த காமெடிக்காரரு, பொம்பளைகளோட மட்டும் குஸ்தி போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு. அவரு மெம்பிஸ் சனத்துக்கு வீடியோ அனுப்புனாரு, இதுதான் சோப்பு, இப்படித்தான் குளிக்கோணும்னு. ஊரே கொதிச்சுப் போச்சு. ஏப்ரல்ல லாலர் அவரைத் தலைகீழா எறக்க, காஃப்மன் கழுத்துல பட்டையோட திரிஞ்சாரு. ஜூலையில டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியில ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வெச்சாங்க. லாலர் வுட்டாரு ஒரு அறை. நாடு பூராப் பேப்பர்ல வந்துச்சு. எல்லாம் பேசி வெச்ச நாடகம்னு வெளிய தெரியப் பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. காஃப்மன் 1984-லயே போய்ச் சேந்துட்டாரு, வாயே தொறக்கல.

இந்தப் பெரிய கம்பெனியும் ஒரு காலத்துல அமெரிக்காவோட வடகெழக்கு மூலையில மட்டும் ஓடுன கம்பெனிதான். சிண்டி லாப்பர்ங்கற பாட்டுக்காரம்மாவோட 1983 பாட்டுப் படத்துல லூ அல்பானோங்கற குஸ்திக்காரரு அப்பனா வந்தாரு. அதைப் புடிச்சுக்கிட்டு 1984 ஜூலையில எம்டிவியில குஸ்தியை ஏத்துனாங்க. 1985 மார்ச் 31 மொத ரெஸில்மேனியா. நடுவருகள்ல முகமது அலியும் ஒருத்தரு. பாட்டுக் கேக்கற புள்ளைக தானா வந்துச்சு. வந்த வெளியாளுக எல்லாம் அங்க ஒரு வேலை பாத்தாங்க அப்புனு, பெல்ட்டை வாங்கிட்டுச் சும்மா நிக்கல.

உனக்கும் ஒருக்கா வாசல்ல வந்து லட்சுமி கதவைத் தட்டுனா. 2016 ஜூலை. மேட் ஹார்டி கிறுக்குப் புடிச்சவனாட்ட வேசங் கட்டி, வடக்கு கரோலைனாவுல கேமரன்ங்கற ஊர்ல அவரு ஊட்டுத் தோட்டத்துலயே தம்பி ஜெஃபோட சண்டை. பட்டாசை ஒருத்தர் மேல ஒருத்தர் வுட்டாங்க. தோட்டக்காரரு ஒரு பாத்திரம், ஓட்டைப் படகு ஒரு பாத்திரம், ட்ரோன் ஒரு பாத்திரம். அதைவிடக் கேவலமா ஒண்ணைப் பாத்ததில்லைன்னு பாதிப் பேரு, அதைவிட அருமையா ஒண்ணைப் பாத்ததில்லைன்னு மீதிப் பேரு. ஆனா எல்லாரும் பாத்தாங்க, அடுத்தவனுக்கும் அனுப்புனாங்க. ஹோகனுக்குக் குடுத்த சம்பளத்துல எத்தனை தோட்டத்தைக் கொளுத்தியிருக்கலாம்! அடுத்த வருசம் அண்ணந்தம்பி கெளம்புனப்ப, அந்தக் கிறுக்குத்தனம் ஆருக்குச் சொந்தம்னு அவியகிட்டச் சண்டைக்கு நின்னே. கிறுக்கை எழுதிக் குடுத்தவன் கெளம்புன பொறவு பட்டாவை வெச்சு என்ன பண்றது?

எங்க நாட்டுக்கும் வந்தே, மறக்கல. 2012-ல ரிங் கா கிங்னு புனேயில படம் புடிச்சுக் கலர்ஸ் டிவியில போட்டே. ஹர்பஜன் சிங் படத்தை முன்னால வெச்சே. இருபத்தாறு வாட்டி ஒளிபரப்பி மூட்டை கட்டிட்டே. பெரிய கம்பெனியை எங்கூருப் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தது டிவி மட்டுமில்ல, பொட்டிக்கடையில வித்த ட்ரம்ப் கார்டு. ஒசரம், எடை, ரேங்கு எல்லாம் பாடப் புத்தகத்தை விட நல்லாப் படிச்சானுக. அமெரிக்காவுல யங் பக்ஸ்ங்கற குஸ்திக்கார அண்ணந்தம்பிக குஸ்தி பனியனை ஹாட் டாபிக் கடைகள்ல தொங்க வுட்டே பேரெடுத்தாங்க. 2018 செப்டம்பர்ல சிகாகோப் பக்கம் சொந்தமா ஆட்டம் போட்டுப் பத்தாயிரம் டிக்கெட்டு வித்தாங்க, அடுத்த வருசம் ஏஈடபிள்யூங்கற குஸ்திக் கம்பெனியே வந்துருச்சு. ஆட்டத்தைப் பாக்காதவன் சட்டைப் பையில நீ இருக்கோணும். அதுக்குக் கோடி வேண்டாம்.

2025 ஜனவரியில பெரிய கம்பெனியோடயே பல வருசத்துக்கு ஒப்பந்தம் போட்டுக்கிட்டே. நல்ல ரோசனைதான். உன்ற ஜோ ஹென்ட்ரி அங்க போயி நின்னப்ப, அவன் கூட்டமே எந்திரிச்சுப் பாட்டுப் பாடுச்சு. ஆனா மே மாசத்துல அவங்க பையன் ட்ரிக் வில்லியம்ஸ், அவங்க மேடையிலயே ஹென்ட்ரியைச் சாய்ச்சு, உன்ற உலகப் பட்டத்தைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான். அக்டோபர்ல உன்ற ஆளு மைக் சான்டானா வந்து மீட்டுக் குடுக்கற வரைக்கும் உன்ற பெல்ட்டு அடுத்தவன் ஊட்டுல. பெல்ட்டுல இருந்த பேரை நெறையப் பேரு படிச்சிருப்பாங்க, அது லாபம். படிச்சவன் தேடி வர்றப்ப நீ அதே பேருல, அதே நாள்ல, அதே சேனல்ல இருக்கோணும். இருபது வருசமா நீ பண்ணாத ஒரே காரியம் அதுதான். அடுத்த பலகைக்கு ஆர்டர் குடுத்திருந்தா, இன்னைக்கே போன் போட்டு வேண்டாம்னு சொல்லிப்போடு.