வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும் மச்சானுக்கு

ஸ்காபரோ,
கனடா.

அன்புள்ள மச்சான்,

உன்ர தங்கச்சி குளிரை வையிறதை நிப்பாட்டிப்போட்டு இப்ப இங்கிலீசை வையத் துவங்கியிட்டா. ரெண்டு பேரும் லிங்க் வகுப்புக்குப் போறம். 1992 இல தொடங்கின அரசாங்க இங்கிலீஷ் வகுப்பு. நிரந்தர வதிவிடம் கிடைச்சவைக்கும் அகதியா ஏற்றுக்கொண்டவைக்கும் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. ஆனால் சிற்றிசன் ஆனவைக்கு இடமில்லை. சிற்றிசன்சிப் எடுத்த கையோட இங்கிலீஷ் தானா வந்திடும் எண்டு ஒட்டாவாவில ஆரோ நம்பியிருக்கினம் போல.

சிற்றிசன்சிப் கேக்கிறவை 18 இலிருந்து 54 வயதுக்குள்ள எண்டால், மொத்தம் 12 படியில நாலாம் படிக்கு இங்கிலீசோ பிரெஞ்சோ கதைச்சுக் காட்டவேணும். எங்கட வயதுக்கு அந்தத் தொல்லை இல்லை. "பிறகேன் போறியள்?" எண்டு மகன் கேட்டான். "உன்ர பிள்ளையளுக்குச் சோறு தீத்துறதிலும் பார்க்க வகுப்பு சுகமடா" எண்டு அவனிட்டச் சொல்லேலுமே?

வகுப்பில முக்கிய வேலை கடதாசித் துண்டு அடுக்கிறது. ஒரு வசனத்தைச் சொல்லுச் சொல்லா வெட்டி, கடித உறைக்குள்ள போட்டுக் கலக்கி மேசையில வைப்பா ரீச்சர். நாங்கள் ஒழுங்காக்கவேணும். போன கிழமை வந்தது: ஷீ, போற், ஃபிஷ், அற், த, மார்க்கெற், யெஸ்ரடே. நான் மனசுக்குள்ள "நேற்று சந்தையில மீன் வாங்கினா" எண்டு சொல்லி, அதை அப்பிடியே பின்பக்கமிருந்து அடுக்கினன். வாங்கினா, மீன், சந்தையில, நேற்று. முன்னுக்கு ஒரு ஷீ, இடையில ஒரு த. அவ்வளவுதான் வித்தியாசம். ரீச்சர் "வெரி குட்" எண்டா.

பக்கத்துக் கதிரையில ஒரு கொரியாக் கிழவி. அவவின்ர மொழியிலயும் வினை கடைசியிலதான். ஜப்பான், துருக்கி, பாரசீகம் எல்லாம் அதே கட்சி. உலகத்து மொழியளை எண்ணிப் பாத்தால் எங்கட கட்சியிலதான் கூட மொழியள் இருக்காம். ஆனால் விசா குடுக்கிறது மற்றக் கட்சி.

ஏன் இந்த இங்கிலீசுச் சனம் சொல்லை இடம் மாத்த விடுதில்லை எண்டு யோசிச்சன். "நாய் மனிசனைக் கடிச்சது", "மனிசனை நாய் கடிச்சது", "கடிச்சது மனிசனை நாய்". எப்பிடிச் சொன்னாலும் காயம் மனிசனுக்குத்தான். இங்கிலீசில டோக்கையும் மானையும் இடம் மாத்திப் பார், நாய்க்குத்தான் மருந்து கட்டவேணும். ஆயிரம் வருசத்துக்கு முந்தின இங்கிலீசிலயும் எங்கட மாதிரி வேற்றுமை உருபுகள் இருந்ததாம். பேந்து பேந்து தேஞ்சு போச்சு. ஹீ ஹிம், ஹூ ஹூம் எண்டு கொஞ்சம்தான் மிச்சம். எங்கட சொல்லுகள் அடையாள அட்டையோட எந்தப் பக்கமும் போகும். அட்டையைத் துலைச்ச சொல்லு நிண்ட இடத்தை விட்டு அசையேலாது. அந்தக் கஷ்டம் உனக்குச் சொல்லி விளங்கவேண்டியதில்லை.

இதுக்காவது ஒரு நியாயம் இருக்கு. பெயரடை வரிசைக்கு அதுவும் இல்லை. "பிக் ரெட் பஸ்" எண்டால் சரி, "ரெட் பிக் பஸ்" எண்டால் பிழை. அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், செய்த பொருள் எண்டு வரிசை வைச்சிருக்கினம். ஏன் எண்டு ரீச்சரிட்டக் கேட்டன். மற்றப்படி சொன்னால் காதுக்கு ஒத்துவராது எண்டா. ஒக்ஸ்போர்டில இங்கிலீஷ் பேராசிரியரா இருந்த டோல்கீன், ஏழு வயதளவில ஒரு டிராகன் கதை எழுதினவராம். "பச்சைப் பெரிய டிராகன்" எண்டு சொல்லக்கூடாது, "பெரிய பச்சை டிராகன்" எண்டுதான் சொல்லவேணும் எண்டு தாய் திருத்தினாவாம். அது ஏனெண்டு தனக்கு இன்னும் விளங்கேல்லை எண்டு 1955 இல ஒரு கடிதத்தில எழுதியிருக்கிறார். அவருக்கே விளங்காததை நான் ஏன் தலையில போட்டு உடைப்பான்?

உன்ர தங்கச்சியின்ர பிரச்சினை வேற. டொக்டர் முழங்காலைப் பாத்து "யூ டோன்ற் ஹாவ் எனி பெயின்?" எண்டு கேட்டார். "ஓம், இல்லை" எண்ட நினைப்பில இவ "யெஸ்" எண்டா. அந்த மனிசன் எங்க, எங்க எண்டு அமத்தின அமத்தில உண்மையாவே நோ வந்திட்டுது. கொரியாக் கிழவியும் இப்பிடித்தான் யெஸ் சொல்லுறவ. அதில ரெண்டு பேருக்கும் பெரிய ஒற்றுமை.

இலக்கணம் இல்லாமல் பிழைக்கக்கூடிய ஒரே இடம் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடை. "டபிள் டபிள்" எண்டால் ரெண்டு கிரீம், ரெண்டு சீனி போட்ட கோப்பி வரும். எழுவாயும் இல்லை, வினையும் இல்லை. வகுப்பு விட்டாப்போல எல்லா நாட்டுக்காரரும் அங்க பிழையில்லாமல் கதைக்கிறம்.

ஒரு முக்கிய விசயம். மருமகளின்ர ஸ்பொன்சர் அலுவல் நடக்குது. அவளுக்கு ரென் அன்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைத் தூக்கிக் குடுத்துப் பாடமாக்கச் சொல்லாதை. அந்த ரென் எண்டவர் பிரெஞ்சு அந்நியப் படையை வைச்சு "போ ஜெஸ்ற்" எண்ட சாகச நாவலும் எழுதினவர். அவருக்கே இடைக்கிடை பாலைவனத்துக்குத் தப்பி ஓடவேண்டியிருந்திருக்கு. விதி எனக்கும் வடிவாத் தெரியும். பஸ் ட்றைவர் கேக்கிற நேரம் அது வாய்க்கு வராது. அவள் தனக்குத் தேவையான பத்து வசனத்தை எடுக்கட்டும், பஸ்சுக்கும் கடைக்கும் டொக்டருக்கும் உதவிற வசனங்கள். அதை நேற்றுக்கும் நாளைக்கும் மாத்தி, கேள்வியாக்கி, இல்லை எண்டாக்கி, ஒவ்வொரு நாளும் சத்தமாச் சொல்லட்டும். கேள்வியில டூ எங்க நிக்குது எண்டு வாய் பழகினால் போதும். பக்கத்து வீட்டுக்காரர் சிரிச்சால் சிரிக்கட்டும்.

வாற ஆரிட்டயாவது ரெண்டு கிலோ கறித்தூள் குடுத்துவிடு. கடுமையா வறுத்தது வேணும் எண்டு உன்ர தங்கச்சி சொல்லச் சொன்னா.

இப்படிக்கு,
உன் மச்சான்