வழுக்கும் வண்டியும் வழுக்காத கோப்பும்

அனுப்புநர்:
கடைமடை விவசாயி ஒருவன்,
வடிகாலுக்கு இந்தப் பக்கம்.

பெறுநர்:
வாடகை, வடிகால், அறிவுரை மூன்றையும் கவனிக்கும் உயர்திரு அதிகாரி அவர்கள்,
சேறு எட்டாத மாடியறை.

பொருள்: பெல்ட் வண்டி வழுக்காமல் கதிர் அறுக்க அலுவலகம் செய்யக்கூடிய ஒத்தாசை – தொடர்பாக.

பார்வை: 1. ‘ஈர வயலில் அறுவடை இயந்திரத்தை இறக்க வேண்டாம்’ என்ற தங்கள் அறிவுரை.
2. என் வயல்.

ஐயா,

பார்வை ஒன்றில் கண்ட அறிவுரை கிடைக்கப்பெற்றேன். வரப்பில் உட்கார்ந்துதான் படித்தேன். உட்கார வேறு இடமில்லை. பார்வை இரண்டு முழுக்க உளையாகக் கிடந்தது. விளைந்த சம்பா தை மாதத்து மழையில் சாய்ந்து, கதிர் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. வயல் காயும்வரை பொறுத்திருக்கும்படி தாங்கள் சொன்னதை நெல்லிடம் எடுத்துச் சொன்னேன். அதற்குள் அது முளைவிட ஆரம்பித்துவிட்டது. படிக்கத் தெரியாத பயிர். பெரிய மனதுடன் மன்னிக்க வேண்டும்.

எனவே அறிவுரையை மீறி வண்டியை இறக்கினேன். டயர் வண்டிக்கு மணி வாடகை குறைவுதான். ஆனால் உளையில் இறங்கிய டயர் வண்டியை வெளியே இழுக்க இன்னொரு வண்டி வேண்டும், அதை இழுக்க மூன்றாவது வேண்டும். ஆகவே கூடுதல் வாடகைக்குப் பெல்ட் வண்டி. கணக்கையும் தருகிறேன். வண்டியின் எடை மூன்று டன் என்று வையுங்கள். பெல்ட்டின் அகலம் 45 சென்டிமீட்டர், தரையில் படியும் நீளம் 170. இரண்டு பெல்ட்டுக்கும் சேர்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம் பாரம்தான் விழுகிறது. நடக்கிற ஆள் ஒற்றைக் காலை ஊன்றும்போது இதைவிட அதிகமாக அழுத்துவான். அதாவது, தாங்கள் என் வயலில் இறங்கினால் வண்டியைவிட ஆழமாகப் போவீர்கள். இதை வெறும் கணக்காகவே வைத்திருக்கிறேன். சரிபார்க்க இதுவரை வாய்ப்புத் தரப்படவில்லை.

ஆனால் புதையாமல் நிற்பது வேறு, முன்னே போவது வேறு. பெல்ட்டின் பல் மண்ணைப் பிடித்துப் பின்னே தள்ளினால்தான் வண்டி முன்னே போகும். மணலில் எடை கூடினால் பிடியும் கூடும். ஊறிய களிமண்ணில் எடை கூடினால் ஆழம்தான் கூடும். அங்கே பிடி தருவது பெல்ட்டின் பரப்பும் மண்ணின் ஒட்டும்தான். அந்தக் களியே பல் இடுக்கில் அப்பி அடைத்துக்கொண்டால், பெல்ட் பாசி பிடித்த படித்துறை மாதிரி ஆகிவிடும்.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த டிரைவர் தம்பி இதை ஒரே வரியில் சொன்னார்: “நெல்லு டேங்க் பாதி ரொம்பனதுமே கொட்டிடணும்ணா, முழுசா ரொப்பினா இறங்கிரும்.” தாளை உயரமாக விட்டு அறுத்தார், பெல்ட்டுக்கு அது பாய் விரித்த மாதிரி. போன தடத்திலேயே மறுபடி போகவில்லை. வரப்பைக் குறுக்குவாட்டில் சாய்ந்து ஏறாமல், நேர் எதிரே நின்று, வைக்கோலைப் போட்டு ஏறினார். இத்தனையும் செய்தும் நாலாவது சுற்றில், வயல் மூலையில் திருப்பும்போது, ஒரு பக்கப் பெல்ட் நிற்க மறு பக்கப் பெல்ட் மண்ணைத் தோண்டியது. அதோடு சரி. பெல்ட் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை, மணி காட்டும் மீட்டர் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது.

தம்பி பதறவில்லை. பனங்கட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு பெல்ட்டுக்கும் குறுக்கே முன்பக்கம் கயிற்றால் கட்டினார். முதல் கியரில் மெதுவாக விட்டார். கட்டை பெல்ட்டோடு அடியில் இறங்கிச் சேற்றில் குறுக்கே நின்றது. கட்டை நகரவில்லை, வண்டி அதன்மேல் ஏறி நகர்ந்தது. பின்பக்கம் கட்டை தலைகாட்டியதும் வண்டியை நிறுத்தி அவிழ்த்துவிட்டார். மறந்தால் மேலே சுற்றி வந்து வண்டியையே இடிக்குமாம்.

இது நாட்டுப்புறத்தான் வேலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1917-ல் முதல் உலகப் போரின்போது பாசெண்டேல் போர்க்களச் சேற்றில் சிக்கிய ஆங்கிலேயரின் டாங்கிகள் இதே குறுக்குக் கட்டையை முதுகில் சுமந்து திரிந்தன. பெல்ட் வண்டி பேர் எடுத்ததும் ஒரு டெல்டாவில்தான். கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் ஊர்ப் பக்கத்துச் சதுப்பு வயல்களில் சக்கரங்களை எவ்வளவு அகலமாக்கியும் டிராக்டர்கள் புதைந்ததால்தான், பெஞ்சமின் ஹோல்ட் 1904 நவம்பர் 24-ல் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மரப்பலகை கோத்த சங்கிலித் தடத்தை மாட்டி ஓட்டிப் பார்த்தார். கம்பளிப்பூச்சி என்று பொருள்படும் ‘கேட்டர்பில்லர்’ என்ற பெயர் அதன் பிறகு வந்தது. அதாவது, நூற்றிருபது வருஷமாக உலகம் வண்டியின் காலைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறது. நான் கேட்பது தரையைப் பற்றி.

என் வயலுக்குக் கிழக்கே ஒரு வடிகால் இருக்கிறது. தூர் வாரப்பட்டதாகக் கரையில் பலகையும் இருக்கிறது. நான் போய்ப் பார்த்ததில், பலகை உண்மையிலேயே சுத்தமாக இருந்தது. வடிகாலில் மட்டும் ஆகாயத்தாமரை மெத்தை விரித்திருக்க, நெய்வேலிக் காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு நின்று பூத்திருந்தது. தண்ணீர் வயலிலிருந்து வடிகாலுக்குப் போவதுதான் வழக்கம் என்று கேள்வி. இங்கே அது விருந்தாளி மாதிரி எதிர்த்திசையில் வருகிறது.

அறுவடைக்குப் பத்து நாள் முன்னால் தண்ணீர் வடிந்திருந்தால் மேல்மண் இறுகியிருக்கும். குறைந்த வாடகை டயர் வண்டியே இறங்கியிருக்கும். காய்ந்த வயலில் ஒரு மணி நேரத்தில் முடிகிற ஏக்கர், அன்று இரண்டேகால் மணி நேரம் தின்றது. அறுத்த நெல்லும் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்குள் நிற்கவில்லை; தார்ச்சாலையில் பரப்பிக் காயவைத்துக் காவல் கிடக்கிறேன். ஆக, வாராத தூருக்கான கூலியைப் பெல்ட் வாடகையாக, மணிக்கணக்கில், நான் கட்டிக்கொண்டிருக்கிறேன். இதற்கு ரசீது கிடைக்குமா என்று தெரிவிக்கவும்.

தாழ்மையான கோரிக்கைகள் இரண்டு. ஒன்று, அடுத்த முறை வடிகாலைப் பார்வையிட வரும்போது ஜீப்பில் கரையோடு போகாமல் பெல்ட் வண்டியில் வயலோடு வர வேண்டும். தம்பி ஓட்டுவார்; மீட்டரை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு, சுற்றியும் நகராத நேரத்துக்கு வாடகை கிடையாது என்று உத்தரவிட வேண்டும். இதே விதியை அலுவலகத்துக்கும் யாராவது நீட்டிவிடக்கூடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்படியானால் இரண்டாவது கோரிக்கையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்; யார் வீட்டு அடுப்பிலும் தண்ணீர் ஊற்ற எனக்கு மனமில்லை. என்னிடம் தண்ணீர் நிறைய இருந்தாலும்.

இப்படிக்கு,
தங்கள் அறிவுரைக்குக் கீழ்ப்படியாத,
கடைமடை விவசாயி.

இணைப்பு: பனங்கட்டை ஒன்று, கயிறு ஒரு கட்டு. வடிகால் கோப்பின் குறுக்கே கட்டி, முதல் கியரில் மெதுவாக விடவும்.

நகல்: வடிகாலுக்கு. தண்ணீரிலேயே விட்டுப் பார்த்தேன். என் வயலுக்கே திரும்பி வந்துவிட்டது.